கியர் தண்டுக்குப் பக்கத்து இடம்

பிரிந்திருந்தது.

ஆலங்காயம் பஸ் நிலையத்து டீக்கடை பெஞ்சில் பெட்டியை வைத்து, சுற்றியிருந்த கோணியை விலக்கி, புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே மஞ்சளாக எண்ணெய். கீழே அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரு கோடு. விடியற்காலையில் மலையை விட்டுக் கிளம்பும்போது அந்தக் கோடு இல்லை. கெட்டித் தயிர் போல வெள்ளையாக, சாய்த்தால் சோம்பலாக நகர்கிற ஒரே பொருளாக இருந்தது.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், நெய்யா?”

“இல்லீங்க.”

“பின்ன இன்னா?”

காலையில் ஒன்றாக இருந்தது, இப்போது இரண்டாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? “மருந்து” என்றேன்.

“கெட்டுப்போச்சு போல கீது” என்று சொல்லிவிட்டு அவர் அடுப்புப் பக்கம் திரும்பினார். அவருடைய பாலில் கொழுப்பும் தண்ணீரும் சண்டை போடாமல் சேர்ந்தே பொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அந்தப் பாலின் மேல் பொறாமை வந்தது. நாற்பதைத் தாண்டிய ஒருவன் பஸ் நிலையத்தில் நின்று பாலைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் பொறாமை போகவில்லை.

மனைவிக்குப் போன் செய்தேன். மலையில் சிக்னல் வந்து வந்து போகும். “பிரிஞ்சிடுச்சு” என்றேன். “மறுபடியுமா?” என்றாள். மறுபடியும்தான்.

அவள் மேலே மலையில் புதூர்நாட்டுப் பக்கத்துக்காரி. சாமையும் புளியும் எடுக்கிற குடும்பம். கீழே நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில், சேராத எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கிற வேலை பார்க்கிறாள். நான் அடிவாரத்துக்காரன். உரைநடையில் கவிதை எழுதுகிறேன். அதில் அடுப்பு எரியாது என்பதால் பிறருடைய புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஒரு லேப்டாப் இருந்தால் எங்கேயும் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. ஆனால் எனக்குத்தான் எங்கேயும் உட்காரத் தெரியாது. புளி சீசனுக்கு மலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அவளுக்கு முன்னால் பையைக் கட்டியவன் நான். மலையிலும் உட்காரவில்லை. காடு, களம், ஓடை என்று கால் போன பக்கம் போய்க்கொண்டிருந்தேன். “நீங்க சும்மாதான சுத்திக்கினு கீறீங்க, இத்தக் கொண்டும்போய்க் குடுத்துட்டு வாங்களேன்” என்று புட்டியைச் சுமந்து இறங்குகிற வேலையை அவள் வீட்டார் என்னிடம் தந்தார்கள்.

புட்டியில் இருந்தது கைக்குப் பூசுகிற களிம்பு. புளி ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மாசி, பங்குனி முழுக்கப் புளிப்பு தோலில் ஊறுகிறது. தோல் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் மறுபடி புளிப்பு இறங்குகிறது. வெறும் எண்ணெய் தடவினால் புளியில் எண்ணெய் ஏறிவிடும். வியாபாரி மூட்டையைத் திருப்பிவிடுவார். கடைக் களிம்பு பூசினால் எரிகிறது என்கிறார்கள். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைப்பதற்காக அதில் சேர்க்கிற சோப்பு வகைச் சரக்கு வெடிப்புக்குள் போய்க் கடிக்கிறது என்பது என் மனைவியின் கணக்கு. சோப்பு இல்லாமல் பிடித்து வைக்க அவளிடம் வேறொன்று இருந்தது. அதைப் பெண்கள் வீட்டிலேயே மத்தால் கடைந்து செய்துகொள்ளலாம் என்று ஆய்வுக்கூடத்துப் பேராசிரியரிடம் சொல்லித்தான் இந்த வேலையை வாங்கினாள்.

“அப்படீன்னா மலையில கடைஞ்சது என் மேசைக்கு முழுசா வந்து சேரணும்மா. அதைப் பார்த்துட்டு மேல பேசலாம்” என்றார் பேராசிரியர். பங்குனி முடிவதற்குள் ஒரு புட்டியாவது முழுசாக வர வேண்டும். வராவிட்டால் வேலையை மூடிவிட்டு அவளுடைய மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். ஒரு புட்டி போதும். அதைத்தான் என்னால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை.

கடைகிற வேலை வெயில் ஏறுவதற்கு முன்னால் அவளுடைய அண்ணன் வீட்டு முற்றத்தில் நடக்கும். நகரத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் தூளை முந்தின நாளே பானைத் தண்ணீரில் ஊற வைத்துவிடுவாள். மரநாரிலிருந்து எடுத்த பொருளைப் பின்னிப் பின்னிச் செய்த மணிகள் அவை. ஒவ்வொன்றும் தண்ணீரைக் குடித்து வீங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஊறிய ஜவ்வரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சின்னதாக்குங்கள், இன்னும் சின்னதாக்குங்கள், வெளிச்சத்தில் மிதக்கிற தூசியைவிடச் சின்னதாக ஆனபிறகும் அது மெத்தென்றே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோஜெல் என்று பெயர். நான் மெத்துமணி என்று பெயர் வைத்தேன். அவள் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தத் தண்ணீரில் நல்லெண்ணெயை ஊற்றிக் கடைந்தால் எண்ணெய் துளித்துளியாக உடையும். உடைந்த துளிகளுக்கு இருப்பது ஒரே ஆசை, மறுபடி ஒன்றாகச் சேர்ந்து மேலே போய் மிதப்பது. மணிகள் விடாது. துளியின் மேல் போய் உட்காரும். உட்கார்ந்த இடத்தில் அமுங்கிப் பரந்து, பக்கத்து மணியோடு விளிம்பைக் கோத்துக்கொண்டு, துளிக்கு ஒரு சட்டை மாட்டிவிடும். சட்டை போட்ட துளிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகுமே தவிர சேராது. இதை அவள் எனக்குச் சொன்ன நாளில் எனக்குப் பித்துப் பிடித்தது போல் ஆகிவிட்டது. கெட்டியான ஒன்று காவல் காப்பது சரி. இளகிய ஒன்று, தன் இளக்கத்தாலேயே காவல் காக்கிறது என்றால்! நாள் முழுக்க எழுதினேன். எல்லாம் குப்பை. அந்தப் புட்டியில் இருந்த பிடிப்பில் கால் பங்கு கூட என் வாக்கியங்களில் இல்லை.

மத்தை இழுப்பது அவளுடைய அண்ணி. விரல் நுனிகளில் கறுப்புக் கறுப்பாக வெடிப்பு. தேங்காய்ப் பால் போல் திரண்டு வெள்ளையாகும்போது அவர் என்னைப் பார்த்து,

“அண்ணா, நாங்க கடையறப்ப சோக்காதான் சேருது. உங்க கைக்குப் போனா பிரியுது. உங்க ராசி இன்னாண்ணா அப்டி?” என்றார்.

“ராசி இல்லம்மா, ரோடு” என்றேன்.

“ரோட்டு மேல பழி போடுங்க. ரோடு இன்னா எழுந்து வந்து கேக்கப்போவுதா?”

ரோடுதான் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். கொண்டை ஊசி வளைவுகள், மழையில் அரித்த ஓரம், வாய் பிளந்த பள்ளங்கள். ஜீப்பில் ஏறி இறங்கினால் நமக்கே உடம்புக்குள் எது எங்கே இருந்தது என்று மறந்துவிடும். எண்ணெய்த் துளிக்கு மட்டும் மறக்காதா?

ஜீப் ஓட்டுபவர் மலைக்காரர், மனைவிக்குத் தம்பி முறை. ஆகவே நான் மாமா. முதல் தடவை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். “இன்னா மாமா, புள்ளையாட்டம் மடியில வச்சிக்கினு. குடுங்க இப்டி. ஒடையற சாமானுக்கு இடம் தனியா கீது” என்று வாங்கினார்.

அந்த இடம் கியர் தண்டுக்குப் பக்கத்தில், முன் சீட்டுக் கால் வைக்கிற தகரத்தின் மேல். மலையில் உடையக்கூடியது எதுவாக இருந்தாலும் அங்கேதான் போகும், அங்கேதான் வரும். முட்டை அட்டைகள், டியூப் லைட், கல்யாண வீட்டு நிலைக்கண்ணாடி, திருவிழாவுக்கு வாங்குகிற புதுப் பானை. வண்டியிலேயே குலுங்காத இடம் அது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பக்கத்தில் டிரைவரின் கையும் இருக்கிறது. பள்ளம் வந்தால் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் முட்டையையும் பிடித்துக்கொள்வார். நான்கு மடிப்புக் கோணியைப் போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்து, இன்னொரு கோணியால் குளிருக்குப் போர்த்துவது போலப் போர்த்தினார். எனக்கு முன் சீட்டு. பெட்டிக்காரனுக்குத் தருகிற மரியாதை.

முதல் தடவை பிரிந்தபோது “வேகமா வந்துட்டேன் மாமா, மன்னிச்சிக்கோங்க” என்றார். அடுத்த தடவை மெதுவாக ஓட்டினார். இன்னும் மோசமாகப் பிரிந்தது. அதற்கடுத்த தடவை மாட்டு வண்டி முந்திப்போகும்படி ஓட்டினார். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். “கொஞ்சம் பொறுத்துக்கோங்கடா, அக்காவோட மருந்து கீது” என்று அவர்களை அடக்கினார். ஆலங்காயத்தில் திறந்து பார்த்தால் கோடு கூட இல்லை. எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாக, அடியில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி. இவ்வளவு கவனமாகக் கொண்டுவரக் கொண்டுவர இவ்வளவு கேவலமாகப் பிரிகிற ஒரு பொருளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எனக்கு அதன் மேலேயே கோபம் வந்தது. உன்னை எப்படித்தான் தூக்கிக்கொண்டு போவது?

மலையில், அதே கடைசலில் எடுத்து அலமாரியில் வைத்த இன்னொரு புட்டி அசையாமல் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதித்தது. மனைவி ஒருநாள் அதை எடுத்து அண்ணனின் பைக்கில் கட்டி, களத்துமேடு, வரப்பு, பாறை என்று ஓட்டச் சொன்னாள். அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்தார். பைக்கில் ஏதோ கழன்று தொங்கியது. புட்டி வெள்ளையாகவே இருந்தது.

“குலுக்கல் இல்ல” என்றாள் அவள். புட்டியை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, “வழியில எங்கயாவது சூடு பட்டுச்சாங்க?” என்று கேட்டாள்.

“சூடா? விடியக்காலையில அந்தப் பனியில பல்லு கடகடன்னு ஆடுது. சால்வைய வுட்டு வாய வெளிய எடுக்கல நானு. இறங்கினதும் பெட்டியத் தெறக்கறேன். வெயில் மொகத்தையே அது பாக்கல.”

அது உண்மை. சால்வைக்குள் சுருண்டிருந்தேன்; செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களை மட்டும் அந்தத் தகரத்தின் ஓரத்தில் வைத்திருந்தேன், அங்கே கொஞ்சம் இதமாக இருக்கும் என்பதால். அந்த இதம் சொல்லத் தகுந்த ஒரு விஷயம் என்று யாருக்குத் தோன்றும்?

டிரைவர் தன் முடிவைச் சொன்னார்: “மலைப் பொருளுக்குக் கீழ்நாட்டுக் காத்து ஒத்துக்கலக்கா. அவ்ளோதான்.” அவள் சிரிக்கவில்லை. பங்குனி பாதி போய்விட்டது. அலமாரியில் தூள் டப்பாவின் அடி தெரிந்தது. பேராசிரியர் போனில், “வர்ற வாரம் நீயே வந்துடும்மா. கொண்டுவா, இல்லன்னா வெறுங்கையோட வா, முடிச்சிடலாம்” என்று கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிய காலையில் கோடை மழை. ஜீப் வந்து நின்றது. முன் சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். கியர் தண்டுக்குப் பக்கத்து இடத்தில் அவளுடைய துணிப்பை, வெந்நீர் பிளாஸ்க், அவளோடு வந்த அம்மாவின் கால்கள். உள்ளே நிற்கக்கூட இடமில்லை.

“பெட்டிய மேல போட்டுர்றேன் மாமா.”

“மேலயா! வேணாம்பா.”

“வேற எங்க போடறது, சொல்லுங்க. என் தலை மேலயா?”

நான் பதில் தேடுவதற்குள் பெட்டி கூரைக்குப் போய்விட்டது. புளி மூட்டைகளுக்கும் பலாப்பழங்களுக்கும் நடுவே, தார்ப்பாய் மூடியும் மூடாமலும். நான் பின்படியில் தொங்கினேன். மழை முகத்தில் அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் தலைக்கு மேல் பலாப்பழங்கள் உருண்டு மோதுகிற சத்தம். ஒரு பலாப்பழம் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அதைத் துவைத்துக்கொண்டிருப்பதை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டே வந்தேன். டிரைவரைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், யாரோ ஒருத்தியின் பிரசவத்தைக்கூட மனசுக்குள் திட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனைவி உள்ளே யாருடைய மடியிலோ பாதியாக உட்கார்ந்து, கண்ணை மூடியிருந்தாள்.

ஆலங்காயத்தில் அதே டீக்கடை பெஞ்ச். பெட்டி நனைந்து ஊறியிருந்தது. நான் திறக்க மாட்டேன் என்றேன். அவள் திறந்தாள்.

வெள்ளை.

சாய்த்தாள். சோம்பலாக நகர்ந்தது. நிமிர்த்தினாள். கோடு இல்லை. நான் கத்திவிட்டேன். டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். “கெட்டுப் போகலீங்க!” என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும், “நல்லதுங்க சார், நல்லதுங்க” என்றார்.

அவள் மட்டும் புட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சில்லுனு கீது” என்றாள். அவள் மலைப் பேச்சுக்குத் திரும்பிவிட்டாள் என்றால் ஏதோ நடக்கப்போகிறது. எழுந்து நேராக ஜீப்புக்குப் போனாள். கர்ப்பிணி இறங்கிப் போய்விட்டிருந்தாள். முன் கதவைத் திறந்து, கோணியைத் தள்ளிவிட்டு, கியர் தண்டுக்குப் பக்கத்துத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

“இதுக்கு மேலயா வச்சீங்க?”

“ஆமாக்கா. குலுங்காம இருக்கட்டும்னு” என்றார் டிரைவர். “கீழ கியர் பாக்ஸ்தான ஓடுது. கொஞ்சம் காயும். முட்டைக்கு ஒண்ணும் ஆவறதில்லியே?”

“மெதுவா வேற ஓட்டினீங்க.”

“உங்க மருந்துக்காவதாங்க்கா!”

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் பாதங்களைப் பார்த்தேன். அவளுடைய மணிகளுக்கு ஒரு குணம். தண்ணீரைக் குடித்து வீங்கியிருக்கும் வரைதான் காவல். காய்ச்சல் உடம்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடு ஏறினால் போதும், குடித்த தண்ணீரை எல்லாம் துப்பிவிட்டுச் சுருங்கிப்போகும். எண்ணெய்த் துளியின் சட்டை கிழிந்துவிடும். அது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். பனியில் நடுங்கி இறங்குகிற ஒரு ஜீப்புக்குள், மலையே பத்திரம் என்று நம்புகிற ஓர் இடத்தில், அந்தச் சூடு கோணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பதுதான் தெரியாது. அவ்வளவு நாளும் நாங்கள் அதை அக்கறையாக வேகவைத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

மழை நின்றாலும் மேகம் விலகவில்லை. பஸ்ஸில், ரயிலில், வழி முழுக்கப் புட்டியை நான் பிடித்திருந்தேன். அது வெள்ளையாகவே வந்து சேர்ந்தது. பேராசிரியர் அதைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, விரலில் தொட்டுப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“வந்துடுச்சேம்மா! பலே. மேல ஆகவேண்டியதைப் பார்க்கலாம்.”

நான் அப்போதே மனசுக்குள் மலை ஏறத் தொடங்கிவிட்டேன். அண்ணியிடம் என்ன சொல்வது, ராசியைப் பற்றி என்ன பதில் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சொன்னாள்:

“சார், கொஞ்சம் வெந்நீர் வேணும்.”

குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கண்ணாடிக் குவளையில் வெந்நீரை வாங்கி அதற்குள் புட்டியை நிறுத்தினாள். நான் “ஏய்” என்றேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மேல் விளிம்பில் ஒரு மஞ்சள் கண். இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. வெள்ளை தளர்ந்தது. அந்தக் கோடு, எனக்கு இவ்வளவு பழக்கமான அந்தக் கோடு, எங்கள் கண் முன்னாலேயே வந்து படுத்துக்கொண்டது.

“இதனாலதான் சார் வழியில பிரிஞ்சிட்டு இருந்தது. இன்னிக்கு ஜீப் கூரை மேல, மழையில. அதான் முழுசா வந்துச்சு.”

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். “சித்திரை வெயில்ல, கீழ ஒரு தகரக் கூரை கடையில இத வச்சா?”

“பிரிஞ்சிடும் சார்.”

“அப்போ இது மலைக்கு மட்டும்.”

“மலையிலயும் யாராவது அடுப்புப் பக்கம் வச்சா பிரிஞ்சிடும் சார்.”

அதையும் ஏன் சொல்கிறாள் என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பேராசிரியர் நல்ல மனிதர். மேசையை உடனே பிடுங்கவில்லை. சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் தாங்குகிற மாதிரி மணிகளின் பின்னலை மாற்றிப் பார்க்கச் சொன்னார். சித்திரை முடியும்வரை மேசை அவளுடையது. பிரியாமல் ஒரு புட்டி, எந்தச் சூட்டில் வந்தாலும். இல்லாவிட்டால் இல்லை. மணிகளை மாற்றிச் செய்ய அவள் ஆய்வுக்கூடத்திலேயே தங்கினாள்; சில நாள் கழித்துப் புதுத்தூளோடு திரும்பினோம். அந்தச் சில நாளும் நான் நகரத்துத் தெருக்களைக் காலால் அளந்தேன்.

திரும்புகிற ரயிலில்தான் கேட்டேன். “பேசாம இருந்திருக்கலாமே. அவரே பாத்துட்டு சரின்னுட்டாரு.”

“அண்ணி கையில பூசறது இது.”

“அதுக்கு?”

“அதுக்கு இன்னா அதுக்கு? அவங்க அத அடுப்பு மேட்டுல வச்சுட்டு, பிரிஞ்சத எடுத்துப் பூசி, புளி பூரா எண்ணெ ஆயி, மூட்டை திரும்பி வந்தா யாரக் கேப்பாங்க? உங்களயா?”

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. வெந்நீரில் பிரிந்த அந்தப் புட்டியை ஏனோ தூக்கிப்போடாமல் பையில் வைத்திருந்தேன். மாலை ஜீப்பில் ஏறியதும் அதை யாரிடமும் தராமல் கையிலேயே பிடித்துக்கொண்டேன். வளைவுகள் தொடங்கின. காற்று குளிர்ந்தது. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. வேண்டுமென்றே கையைத் தளர்த்தி, குலுங்கட்டும் நாயே என்று விட்டேன். மேலே வந்து சேர்ந்தபோது அவள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

புட்டி பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. குளிர்ந்ததும் மணிகள் மறுபடி தண்ணீரைக் குடித்திருக்கின்றன. நாங்கள் இத்தனை நாள் சபித்த அதே ரோடு அதைக் கடைந்திருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அவள் புட்டியைச் செல்போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “துளி பெருசு பெருசா கீது. ஆவாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அண்ணி அதை என்னிடமிருந்து வாங்கி, ஆவாததை விரலில் தொட்டு வெடிப்புகளில் தேய்த்துக்கொண்டார்.

“எரியுதாம்மா?”

“எரியலண்ணா. பரவால்ல, உங்க கையிலயும் ஒண்ணு சேந்துச்சு.”

அடுத்த வாரம் ஜீப் வந்து நின்றபோது முன் கண்ணாடியில் மேலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாக வழிந்துகொண்டிருந்தது. வைப்பர் அதை அழகாகப் பரப்பிவிட்டிருந்தது. டிரைவர் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இன்னா மாமா இது! உங்க மருந்து மேல வச்சாதான் பத்திரமா போச்சுன்னு முட்டையயும் மேல வச்சேன். ஒண்ணு கூட மிஞ்சல.”

“முட்டைய யாருப்பா மேல வைக்கச் சொன்னா?”

“நீங்கதான பஸ் ஸ்டாண்டே கேக்கறாப்பல கத்துனீங்க!”

மனைவி புதுக் கடைசலைப் பெட்டியில் வைத்து நீட்டினாள். டிரைவர் பயபக்தியோடு அதைக் கூரைக்குத் தூக்கினார். “அங்க வேணாம்” என்றாள் அவள். “கியர் தண்டுக்குப் பக்கத்துல வைங்க. கோணி போட்டு நல்லா போத்துங்க. மெதுவா ஓட்டுங்க.”

“அக்கா?”

“அங்க பொழச்சா எங்கயும் பொழைக்கும்.”

அப்படியாக இந்தச் சித்திரையில், தெரிந்தே வேகவைத்துக்கொண்டு இறங்குகிறேன். முன் சீட்டு எனக்கு. இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதில்லை. தகரத்தின் இதம் செருப்பைத் தாண்டியும் ஏறுகிறது. ஏற ஏற, போர்வைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அவள் தூளை மாற்றுகிறாள், ஊறவைக்கிற அளவை மாற்றுகிறாள். நான் இறங்குகிறேன், ஏறுகிறேன். எழுத உட்கார்ந்தால் எல்லா வாக்கியத்திலும் நடுவே ஒரு கோடு விழுகிறது.

இன்று ஆலங்காயத்தில் டீக்கடைக்காரர் நான் கேட்காமலேயே பெஞ்சைத் துடைத்துவிட்டார். கோணியை விலக்கினேன். புட்டி கையில் சுட்டது. போன் அடித்தது.

“இன்னாச்சு?”

“பிரிஞ்சிடுச்சு.”

“எவ்ளோ?”

“மேல எண்ணெ ஒரு விரல் கனம்.”

“எந்த விரல்?”

நான் புட்டியின் மேல் விரலைப் படுக்கவைத்துப் பார்த்தேன். டீக்கடைக்காரரும் குனிந்து பார்த்தார்.

“சுண்டு விரல்.”

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“போன தபா கட்டை விரல் இல்ல?”